குறைந்த செலவில் ஒரு பழைய சேணம்: அகலம் மாற்றத்தக்க ஆங்கிலச் சேணம் வாங்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், மாதக் கட்டணத்துக்குக் குதிரைகளைக் கட்டிக்கொள்ள இடம் தரும் ஒரு சிறிய கொட்டிலில் நடந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரியும் இளம்பெண் ஒருவர், ஆறு வயதான வெல்ஷ் காப் இனக் குதிரை ஒன்றை இலையுதிர் காலத்தில் வாங்கியிருந்தார். காயடிக்கப்பட்ட ஆண் குதிரை; உயரம் 14 கை 2 அங்குலம். ஒரு கை என்பது நான்கு அங்குலம் என்பதால், தோள்மேட்டில் அளந்தால் அது 58 அங்குலம் வரும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழும் மேட்டைத்தான் இக்கட்டுரையில் தோள்மேடு என்று குறிப்பிடுகிறேன். இந்தக் குதிரைக்கு அந்த மேடு தாழ்வானது. முதுகு அகன்றது, ஏறக்குறைய மட்டமானது.

குதிரையோடு ஒரு தோல் சேணமும் வந்தது. நல்ல தோல், நேர்த்தியான தையல், எண்ணெய் தடவிப் பேணப்பட்டது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் கடினமான சட்டகம் நடுத்தர அகலத்தில் நிலையாகச் செய்யப்பட்டது. அதை விரிக்கவோ குறைக்கவோ வழியில்லை. பனிக்காலம் முடியும்போதே அது குதிரைக்கு ஒவ்வவில்லை என்பது தெரிந்துவிட்டது.

புதிய சேணத்துக்கென அவர் ஒதுக்க முடிந்த மொத்தத் தொகை 400 பவுண்டு. தரமான புதிய தோல் சேணம் ஒன்று ஆயிரம் பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும். செயற்கைப் பொருளில் செய்த புதிய சேணங்களில் அவர் விரும்பிய வகையும் கைக்கு எட்டவில்லை. ஆகவே ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய சேணத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. அந்தக் கொட்டிலின் அன்றாட வேலைகளில் எனக்கும் பங்கு இருந்ததால், தேடல் தொடங்கியது முதல் ஓராண்டு கழிந்தது வரை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. அவருடைய இசைவோடு இதை எழுதுகிறேன்.

முதலில் கவனித்தவை

சேணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்டே போகும்போதே குதிரை காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. வயிற்றுவாரை இறுக்கும்போது தலையைத் திருப்பி, பல்லால் கவ்வ வருவதுபோல் பாவனை செய்தது. ஏறிய பின் முதல் சில நிமிடங்கள் முன்கால்களைக் குறுக்கி வைத்து நடந்தது. முதுகைத் தாழ்த்திக்கொண்டு தலையை உயர்த்தியது. இவை எல்லாம் குணக்கேடு என்று எளிதாகத் தள்ளிவிடக்கூடியவை. கொட்டிலில் இருந்த சிலர் அப்படித்தான் சொன்னார்கள்.

சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார்த்தபோது செய்தி வேறாக இருந்தது. உழைத்த குதிரையின் முதுகில் சேணத்தின் அடிமெத்தை பட்ட இடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக வியர்த்திருக்க வேண்டும். இங்கே தோள்மேட்டுக்கு இருபுறமும், உள்ளங்கையளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிலும் ஈரம். அளவுக்கு மீறிய அழுத்தம் விழும் இடத்தில் வியர்வை வெளிவராமல் இப்படி ஆவதுண்டு. அதே இடத்தில், செம்பழுப்பு மயிருக்கிடையே சில வெள்ளை மயிர்கள் முளைத்திருந்தன. நீண்ட நாள் அழுத்தத்தால் மயிர்க்கால் பழுதானதன் அடையாளம் அது, பெரும்பாலும் மாறாது. முந்தைய உரிமையாளரிடம் இருந்தபோதே சிக்கல் தொடங்கியிருக்க வேண்டும் என்று இதிலிருந்து ஊகிக்க முடிந்தது.

இன்னொன்றும் இருந்தது. அரைமணி நேரம் ஓட்டியபின் பின்னாலிருந்து பார்த்தால் சேணம் வலப்பக்கம் சற்றே சரிந்திருக்கும்.

சேணத்துக்கு முன் கால்

அந்தச் சரிவுதான் முதல் முடிவுக்குக் காரணமாயிற்று. சேணம் ஒருபக்கம் நழுவினால் சேணத்தைக் குறைசொல்வதே வழக்கம். ஆனால் லைன் கிரேவ், சூ டைசன் ஆகிய கால்நடை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, பின்னங்கால் நொண்டலுக்கும் சேணம் நழுவுவதற்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. வலியுள்ள காலை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ததும், நழுவிய சேணங்களில் பெரும்பாலானவை நேராக நின்றன. ஓட்டுபவரால் எளிதில் உணர முடியாத மெல்லிய நொண்டலும் இதற்குப் போதும்.

குதிரைக்குக் காலில் கோளாறு இருந்து, அது தெரியாமல் 400 பவுண்டையும் சேணத்தில் போட்டால், பணமும் போகும், வலியும் நிற்காது. எனவே தடுப்பூசிக்காக மருத்துவர் எப்படியும் வரவிருந்த நாளிலேயே, தனியாக வரவழைக்கும் செலவு இல்லாமல், குதிரையைக் கடினமான தரையில் நேராகவும் வட்டமாகவும் ஓடவிட்டுப் பார்க்கும்படி உரிமையாளர் கேட்டுக்கொண்டார். மருத்துவர் நொண்டல் எதையும் காணவில்லை. தோளுக்குப் பின்னால் விரலால் அழுத்தியபோது மட்டும் தசை சுருங்கித் துடித்தது. அதன் பிறகுதான் சேணம் தேடும் வேலை தொடங்கியது. இந்த நிகழ்வு முழுவதிலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது இதுவே என்பது என் எண்ணம்.

பழைய சேணம் அன்றே ஓரம் கட்டப்பட்டது. அதுவரை சிலர் சொன்ன யோசனை, அடியில் இன்னும் தடித்த மெத்தைத் துணி ஒன்றைப் போடலாம் என்பது. இறுகலான செருப்புக்குள் இன்னொரு காலுறையையும் போட்டுக்கொள்வது போன்றது அது: குறுகிய சட்டகம் மேலும் குறுகும். புதிய சேணம் கிடைக்கும்வரை குதிரையைத் தரையில் நின்று நீண்ட கயிறு பிடித்து நடத்துவது, மேட்டில் ஏற்றி இறக்கிக் கூட்டிச்செல்வது ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார்.

முதுகை அளந்தது

வரைபடம் போடுபவர்கள் பயன்படுத்தும், வளைத்த வடிவிலேயே நிற்கும் நெகிழ் அளவுகோல் ஒன்று சில பவுண்டுக்குக் கிடைத்தது. குதிரையைச் சமதளத்தில், நான்கு கால்களும் சதுரமாக ஊன்றி, தலை நேராக இருக்கும்படி நிறுத்தி, நான்கு கோடுகள் எடுக்கப்பட்டன. தோள் எலும்பின் பின்விளிம்புக்கு இரண்டு விரற்கடை பின்னால் குறுக்காக ஒன்று. முதுகின் மிகத் தாழ்ந்த இடத்தில் குறுக்காக ஒன்று. கடைசி விலா எலும்பு முதுகில் சேரும் இடத்தில் குறுக்காக ஒன்று. தோள்மேட்டிலிருந்து கடைசி விலாவரை நீளவாக்கில் ஒன்று.

கடைசி விலாவைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. குதிரைக்கு விலாவோடு சேரும் முதுகெலும்புகள் 18. சேணத்தின் எடை தாங்கும் பகுதி பதினெட்டாவதைத் தாண்டி இடுப்பின் மேல் போகக் கூடாது. குட்டையான முதுகுள்ள காப் குதிரைகளில் ஓட்டுபவருக்கு வசதியான பெரிய இருக்கை, குதிரைக்கு நீளம் மிகுந்ததாகிவிடும்.

நான்கு கோடுகளையும் அட்டையில் வரைந்து, வெட்டி, தேதியும் எந்த இடம் என்பதும் எழுதப்பட்டன. குறுக்குக் கோடுகளிலிருந்து தோள் அகலம் மிகுதி என்பது தெரிந்தது, அது எதிர்பார்த்ததே. பயனுள்ள செய்தி நீளவாக்கிலான அட்டையில் இருந்தது. அதன் விளிம்பு, மேசையில் வைத்தால் நடுவில் ஒரு விரல்கூட நுழைய முடியாத அளவுக்கு நேராக இருந்தது. இதன் பொருள், வளைந்த சட்டகமுள்ள சேணம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் இந்த முதுகில் நடுவில் மட்டும் ஊன்றி, முன்னும் பின்னும் ஆடும் என்பதாகும். முதுகு குழிந்த குதிரைக்கு மட்டமான சட்டகத்தைப் போட்டால் நேர்மாறாக, இரு முனைகளில் மட்டும் அழுத்தி நடுவில் பாலம்போல் இடைவெளி விடும்.

ஏன் அகலம் மாற்றத்தக்கது, பணம் எப்படிப் பிரிக்கப்பட்டது

மூன்று வழிகள் கருதப்பட்டன. பழைய, நிலையான அகலமுள்ள தோல் சேணம் 400 பவுண்டுக்குள் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஆறு வயதுக் குதிரைக்குத் தசை இன்னும் நிரம்பவில்லை. வெல்ஷ் காப் போன்ற மலைப்புலத்து இனங்கள் வசந்தத்துப் புல்லில் விரைவாகப் பருத்து, குளிர்காலத்தில் இளைப்பவை. மார்ச்சில் பொருந்துவது ஜூனில் பொருந்தாது. சட்டகமே இல்லாத சேணம் இரண்டாவது வழி. அதில் முதுகெலும்பின் மேல் எடை விழாமல் காப்பதற்குத் தனி மெத்தை வேண்டும், தாழ்ந்த தோள்மேடுள்ள உருண்டையான குதிரையில் அது பக்கவாட்டில் உருளும் அச்சமும் இருந்தது. எனவே மூன்றாவது வழியாக, சட்டகத்தின் முன்புறத்தில் உள்ள இரும்புத் தகட்டைக் கழற்றி வேறு அகலத் தகட்டைப் பொருத்தக்கூடிய சேணம் தேர்ந்துகொள்ளப்பட்டது.

இத்தகைய சேணங்களில் பரவலாகத் தெரிந்தவை வின்டெக், பேட்ஸ் ஆகிய வணிகப் பெயர்களின் நிறக் குறியிட்ட தகடுகள்: மஞ்சள் குறுகியது, அடுத்தது பச்சை, கறுப்பு நடுத்தரம், அதற்கு மேல் நீலம், சிவப்பு அகலம், வெள்ளை மிக அகலம். சேணத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆங்கில நகரமான வால்சாலைச் சேர்ந்த தோரோகுட், கென்ட் அண்ட் மாஸ்டர்ஸ் ஆகியவையும் தகடு மாற்றும் சேணங்களைச் செய்கின்றன. ஒரு வகை அமைப்புக்கு உரிய தகடு இன்னொரு வகை அமைப்பின் சட்டகத்தில் சேராது. ஒரு நிறுவனத்தின் நடுத்தரமும் இன்னொன்றின் நடுத்தரமும் ஒன்றல்ல. அனைவருக்கும் பொதுவான அளவுமுறை கிடையாது.

தகட்டை மாற்றினால் மாறுவது முன்புற அகலம் மட்டுமே. சட்டகத்தின் நீளவாக்கு வளைவு, அடிமெத்தையின் சாய்வு, இரு மெத்தைகளுக்கும் இடையே முதுகெலும்பின் மேல் செல்லும் நடுக்கால்வாயின் அகலம், இருக்கையின் நீளம் ஆகிய எவையும் மாறா. அகலம் மாற்றத்தக்க சேணம் எந்தக் குதிரைக்கும் சேரும் என்ற நம்பிக்கையில் வாங்குபவர்கள் ஏராளம். ஆறு நிறத் தகடுகளையும் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தும் குதிரையின் வலி தீராமல் திகைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதுகின் வடிவத்துக்கு ஏற்ற சட்டகத்தை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். தகடு அதன் பிறகு.

பணத்தைப் பிரிக்கும்போது, சேணத்தின் விலையைக் கடைசியாகத் தீர்மானித்தார். சேணத்தைக் குதிரைக்குப் பொருத்திச் சரிசெய்யும், தகுதி பெற்ற பொருத்துநரின் வருகைக்கு 75 பவுண்டு, தகடு ஒன்றுக்கு 35 பவுண்டு, பழைய வயிற்றுவார் ஒன்றுக்கு 30 பவுண்டு வரை என்று முதலில் எடுத்துவைத்தார். எஞ்சியதில் சேணத்துக்கு 250 பவுண்டு என்பது உச்சவரம்பு. கைப்பணம் குறைவாக இருக்கும்போது முதலில் வெட்டப்படுவது பொருத்துநரின் கட்டணம்தான். இங்கே அதைத் தொடக்கூடாத தொகையாக வைத்தது, பின்னால் பார்க்கப்போவதுபோல், முழு வாங்குதலையும் காப்பாற்றியது.

பார்த்துக் கைவிட்ட இரண்டு சேணங்கள்

முதல் சேணம் தனிநபர் ஒருவரிடம், 180 பவுண்டுக்கு இருந்தது. செயற்கைப் பொருள், 17 அங்குல இருக்கை, 'அகலமானது' என்று விற்பவர் தெரிவித்திருந்தார். நேரில் போய், அவருடைய அனுமதியோடு சேணத்தைக் கவிழ்த்து முன்புற உறையைத் திறந்தபோது, உள்ளே இருந்தது கறுப்புத் தகடு. விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வாங்கியபோது அப்படிச் சொல்லி விற்றிருந்தார்கள், அவர் திறந்து பார்க்கவே இல்லை. தகடு மாற்றக்கூடியதுதானே என்று தோன்றலாம். ஆனால் நீளவாக்கு அட்டையை அடிமெத்தையோடு ஒட்டிவைத்தபோது, நடுவில் மட்டும் தொட்டு இரு முனைகளிலும் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. சேணத்தில் குறை ஏதுமில்லை. அது வேறொரு முதுகுக்கு உரியது. நன்றி சொல்லித் திரும்பினார்.

இரண்டாவது, 120 பவுண்டுக்கு ஒரு தோல் சேணம். அதுவும் தகடு மாற்றத்தக்கது. விலை மிகக் குறைவு என்பதால் சட்டகத்தைச் சோதிப்பதில் கூடுதல் கவனம் செலுத்தப்பட்டது. சோதிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். சேணத்தின் முன்னே உயர்ந்திருக்கும் முன்மேட்டைத் தன் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டு, பின்னே உயர்ந்திருக்கும் பின்மேட்டைப் பிடித்துத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். உலோகப் பட்டை வைத்த சட்டகமானால் சிறிது நெகிழ்ந்து, விட்டதும் மீளும், அது இயல்பு. இருக்கையின் நடுவில் ஆழமான மடிப்பு விழுந்தாலோ, ஏதேனும் சொடுக்கும் ஒலி கேட்டாலோ சட்டகம் முறிந்திருக்க வாய்ப்புண்டு. அடுத்து, சட்டகத்தின் முன்புறத்தில் இருபக்கமும் இறங்கும் இரு கிளைகளையும் இரு கைகளால் பிடித்து ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, பின் விலக்க வேண்டும்; இங்கே அசைவே இருக்கக் கூடாது. பிறகு சேணத்தைக் கவிழ்த்து, பின்னாலிருந்து நடுக்கால்வாயை நேராகப் பார்த்து, இரு மெத்தைகளும் ஒரே கனமாக உள்ளனவா, அங்கவடி மாட்டும் கம்பிகள் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். வயிற்றுவார் மாட்டும் தொங்குவார்களில் துளைகள் நீண்டு இழுபட்டிருக்கின்றனவா, அவை தைக்கப்பட்ட நாடாவில் நூல் விட்டிருக்கிறதா என்பதைத் தோலைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தச் சேணத்தில் இருக்கை மடியவில்லை. ஆனால் இடப்பக்கக் கிளையை அழுத்தியபோது அது மெல்ல உள்ளே போனது. தோலுக்கு அடியில், அரிசியை விரலால் நெரிப்பது போன்ற நறநறப்பு கேட்டது. பழைய தோல் அப்படித்தான் ஒலிக்கும் என்று விற்பவர் சொன்னார். திரும்பவும் அழுத்தியபோது அதே இடத்தில் அதே ஒலி. விலை 80 பவுண்டுக்கு இறங்கியது. முறிந்த சட்டகம் குதிரையின் முதுகில் ஒருபுறமாகக் குத்தும். சரிசெய்ய முடிந்தாலும் அந்தச் செலவு சேணத்தின் விலையைத் தாண்டும். அவர் வாங்கவில்லை. கையில் காசு குறைவாக உள்ளவரை இறங்கும் விலை எப்படி இழுக்கும் என்பதை அருகில் நின்று பார்த்தவன் என்ற முறையில், அந்த மறுப்பை நான் மதிக்கிறேன்.

மூன்றாவது சேணம்

இவ்விரண்டுக்கும் பிறகு, தனிநபர்களிடம் தேடுவதை நிறுத்திவிட்டு, பழைய சேணங்களை வாங்கி விற்கும் ஒரு கடையை அணுகினார். கடையில் விலை சற்று கூடும். ஆனால் அங்கே திருப்பிக் கொடுக்கும் வழி உண்டு. பிரிட்டனில் 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, வணிகர் ஒருவரிடமிருந்து இணையம் அல்லது தொலைபேசி வழியாக வாங்கிய பொருளைப் பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலேயே வாங்குதலை ரத்துச் செய்யலாம். தனிநபரிடம் வாங்கினால் இந்த உரிமை இல்லை. கடையில் நேரில் வாங்குவதற்கும் அது பொருந்தாது. ஆனால் இந்தக் கடை, முழு விலையையும் கட்டிவிட்டு ஒரு வாரம் குதிரையில் வைத்துப் பார்க்க அனுமதித்தது.

அட்டைகளைப் பார்த்த கடைக்காரர், மட்டமான அகன்ற முதுகுக்கென்றே செய்யப்பட்ட சட்டகமுள்ள ஒரு சேணத்தை எடுத்துவைத்தார். செயற்கைப் பொருள், 17 அங்குல இருக்கை, நாராலான அடைப்பு, விலை 240 பவுண்டு. நீளவாக்கு அட்டை அடிமெத்தையோடு ஏறக்குறைய முழு நீளமும் ஒட்டியது. சட்டகச் சோதனையில் பழுதில்லை. உள்ளே இருந்தது நடுத்தரத் தகடு. அடிமெத்தையில் நிலையாக மூடப்பட்ட காற்றுப்பை இருந்தால் அதற்குள் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது, பைக்கு வெளியே அட்டை வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும்; நுரை அமுங்கிவிட்டால் மெத்தையையே மாற்ற வேண்டும். நாரடைப்பு என்றால் பொருத்துநர் அதை இடத்திலேயே திருத்தலாம். பழைய சேணத்தில் இது பெரிய நன்மை.

திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் சேணத்தில் ஒரு கீறலும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அடியில் வெளுத்த மெல்லிய பருத்தித் துணி விரிக்கப்பட்டது. அங்கவடி வார்கள் பக்கமடலில் தேய்ந்து தடம் விடாமலிருக்க, நுனி வெட்டிய பழைய காலுறைகள் அவற்றின் மேல் மாட்டப்பட்டன. பார்ப்பதற்கு அழகில்லை, ஆனால் வாரக் கடைசியில் சேணம் வந்தபடியே இருந்தது.

பொருத்துநர் வந்த நாள்

சேணத் தொழில் வல்லுநர்களின் அமைப்பான மாஸ்டர் சாட்லர்ஸ் சங்கம் பிரிட்டனில் 1966இல் தொடங்கப்பட்டது. தேர்ச்சி பெற்ற சேணம் பொருத்துநர்களின் பட்டியலை அது பேணுகிறது. அந்தப் பட்டியலில் இருந்த, இந்தக் கடையோடு தொடர்பில்லாத ஒருவரை அவர் அழைத்திருந்தார். விற்பவரே பொருத்துநராக இருப்பதில் தவறில்லை. ஆனாலும் விற்பனையில் ஆதாயம் இல்லாதவரின் கருத்துக்கு 75 பவுண்டு கொடுப்பது அவருக்கு நியாயமாகப் பட்டது.

பொருத்துநர் முதலில் சேணத்தைத் தொடவே இல்லை. குதிரையின் முதுகு முழுவதையும் உள்ளங்கையால் தடவி, இரு தோள்களையும் பின்னாலிருந்து ஒப்பிட்டு, நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு துணி எதுவுமின்றி வெறும் முதுகில் சேணத்தைச் சற்று முன்னால் வைத்து, தோள் எலும்புக்குப் பின்னால் தானாக நிற்கும் இடம்வரை பின்னே வழுக்கினார். முன்மேட்டுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே மூன்று விரல் நுழைந்தது. கீழே கையை விட்டு மெத்தையின் முழு நீளத்தையும் தடவியபோது இரண்டு செய்திகள் கிடைத்தன. தகட்டின் கீழ்முனைகள் தசையை இறுக்கின. நின்றபோது தாங்கக்கூடியதாகத் தோன்றிய அந்த இறுக்கம், குதிரை டிராட் எனும் மிதமான ஓட்டத்தில் முதுகைத் தூக்கியபோது தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்க மெத்தையின் பின்பகுதியில் நார் கட்டிபட்டிருந்தது. வெளியே பார்த்தபோது எங்களில் எவருக்கும் அது தெரியவில்லை.

கட்டியை நீண்ட எஃகு ஊசியால் கலைத்துச் சமன்செய்தார். நடுத்தரத் தகட்டுக்குப் பதில் அகலத் தகடு வேண்டும் என்றார். கடை அதை மறுநாளே 35 பவுண்டுக்குக் கொடுத்தது. வயிற்றுவாரை வழக்கம்போல் முதலிரு தொங்குவார்களில் மாட்டாமல், சட்டக முனையோடு இணைந்த முன்வாரிலும், பின்புறத்தைச் சமன்செய்யும் கடைசி வாரிலும் மாட்டும்படி காட்டினார். தாழ்ந்த தோள்மேடுள்ள குதிரைகளில் சேணம் முன்னே நழுவாமலும் உருளாமலும் நிற்க இது உதவுகிறது.

மாற்றிய தகட்டோடு நடை, டிராட், அதைவிட விரைந்த ஓட்டமான கேன்டர் ஆகிய மூன்றிலும், இருபுற வட்டங்களிலும் ஓட்டிப் பார்த்தபின், வாரம் முடியும் முன் வாங்குதல் உறுதியாயிற்று. சேணம் 240, பொருத்துநர் 75, தகடு 35, பழைய வயிற்றுவார் 28: ஆக 378 பவுண்டு.

பின்னர் நடந்தவை

வியர்வைத் தடம் சில வாரங்களில் சீரானது. தோளுக்குப் பின்னால் அழுத்தினால் துடித்த தசை தளர்ந்தது. முன்கால் எட்டு நீண்டது. வயிற்றுவாரை இறுக்கும்போது காதை மடக்கும் பழக்கம் மட்டும் உடனே போகவில்லை. வலி நின்ற பிறகும் வலியின் நினைவு நிற்கும் என்பதை ஏற்று, ஒரே இழுப்பில் இறுக்காமல், துளை துளையாக, இடையிடையே சில அடி நடத்தி இறுக்கினார். கோடையின் நடுவில்தான் குதிரை நிம்மதியாக நின்றது. வெள்ளை மயிர்கள் அப்படியே உள்ளன.

வலப்பக்கச் சரிவு பெரும்பகுதி மறைந்தாலும் இடவட்டத்தில் சிறிது எஞ்சியது. பயிற்சியாளர் ஒருவர் நீண்ட கயிற்றில் குதிரையைப் பிடித்துக்கொண்டு, அங்கவடி இல்லாமல் ஓட்டச் செய்தபோது, உரிமையாளர் வலது இடுப்பில் கூடுதல் எடை வைத்து அமர்வது தெரிந்தது. அது சேணத்தால் தீரக்கூடியதல்ல. அமர்வைத் திருத்தும் பயிற்சி இன்றும் தொடர்கிறது.

மே மாதத்தில் எதிர்பார்த்தது நடந்தது. செழித்த புல்லை மிகுதியாகத் தின்பதால் வரக்கூடிய குளம்பு அழற்சிக்கு அஞ்சி வாய்க்கூடு மாட்டி மேயவிட்டும், குதிரை பருத்தது. சேணம் முதுகில் இறங்காமல் மேலே நின்றது. முன்மேடு உயர்ந்து, ஓட்டுபவர் பின்னே சாய்வதாக உணர்ந்தார். தகடு குறுகலாகும்போது இப்படி ஆகும். மிக அகலமானால் முன்மேடு தாழ்ந்து ஓட்டுபவர் முன்னே சரிவார். மார்ச் மாத அட்டையைத் தோளில் வைத்தபோது அதன் இரு கால்களும் தசையில் தடுத்து நின்றன. ஐயம் தீர்ந்தது. ஆனால் மிக அகலமான தகடு அப்போது எங்கும் கையிருப்பில் இல்லை. அது வந்துசேரும்வரை, நல்ல வானிலையுள்ள வாரங்களில், குதிரையின் மேல் ஏறாமல் இருக்க வேண்டியதாயிற்று.

தகடு வந்ததும் மாற்றும் வேலையை அவரே செய்தார். கழற்றும் முன் ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்துக்கொண்டார். மின்திருப்புளியைத் தவிர்த்துக் கையாலேயே திருகினார், ஏனெனில் திருகின் தலை வழுக்கிப்போனால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. இரு திருகுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பிறகு தளர்ந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தார்.

நவம்பரில் பொருத்துநர் இரண்டாம் முறை வந்தார். கட்டணம் 65 பவுண்டு. குதிரை இளைத்திருந்ததால் மீண்டும் அகலத் தகட்டுக்கு இறங்கினார்கள். அமுங்கிய இடங்களில் நார் கூட்டப்பட்டது. பழைய தோல் சேணம், அளவுகளையும் சட்டகத்தின் வடிவையும் தெளிவாகச் சொல்லி, ஒடுங்கிய முதுகுள்ள குதிரை வைத்திருந்த ஒருவருக்கு 60 பவுண்டுக்கு விற்கப்பட்டது. இரண்டாவது தகட்டையும் சேர்த்து, ஓராண்டின் நிகரச் செலவு 418 பவுண்டு ஆயிற்று. திட்டமிட்டதைவிட 18 பவுண்டு கூடுதல்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் செய்ய நேர்ந்தால், அட்டைகளைப் பொருத்துநருக்கு முன்கூட்டியே அனுப்பி, எந்தெந்தச் சட்டக வடிவங்களைத் தேடலாம் என்று கேட்பேன் என்கிறார் அவர். பல பொருத்துநர்கள் இதைச் சிறு கட்டணத்துக்குச் செய்கிறார்கள். முதல் சேணத்துக்காக ஓட்டிய தொலைவு அதனால் மிச்சமாகியிருக்கும்.

இருக்கை நீளத்திலும் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. அவருடைய தொடை நீளத்துக்கு 17.5 அங்குலம் பொருத்தமாக இருந்திருக்கும். குதிரையின் கடைசி விலாவைத் தாண்டாத 17.5 அங்குல இருக்கை அந்த விலையில் கிடைக்கவில்லை. குதிரையின் முதுகுக்கும் ஓட்டுபவரின் வசதிக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது குதிரையின் பக்கம் நின்றது சரியே. ஆனாலும் நீண்ட ஓட்டங்களில் முழங்கால் முன்மெத்தையில் இடிக்கிறது. சேணம் மாற்றும் அளவுக்குப் பணம் சேர்ந்தால் முதலில் திருத்தப்போவது அதைத்தான்.

மிக முக்கியமான மாற்றம் தகடுகளைப் பற்றியது. இனி எந்த மாற்றத்தக்க சேணத்தை வாங்கினாலும், இப்போதைய அளவோடு அடுத்த பெரிய அளவையும் அன்றே வாங்கிவிடுவது, அதன் விலையைச் சேணத்தின் விலையிலேயே கணக்கிடுவது என்று முடிவெடுத்திருக்கிறார். முதுகின் கோடுகளைப் பருவத்துக்கு ஒருமுறை புதிதாக எடுத்து, பழைய அட்டையின் மேல் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு பிப்ரவரியில் எடுத்த கோடு, சென்ற மார்ச் கோட்டைவிட இருபுறமும் சற்றே அகன்றிருக்கிறது. அதே எடையில், தசை நிரம்பிய அகலம் அது என்று பொருத்துநர் சொன்னார். மிக அகலமான தகடு இந்த முறை புல் தழைக்கும் முன்பே சேண அறையின் ஆணியில் மாட்டப்பட்டிருக்கிறது.